ஊசி நாளில் தாயின் கையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டப் பொது சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்களுக்கும் வணக்கம்.

பொருள்: கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு கண்ட தாய்மாரைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனிப்பது தொடர்பாக.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிறுநீரைச் சோதனைக் குழாயில் கொதிக்கவைத்து, அசிட்டிக் அமிலம் சொட்டு விட்டு, வெண்மையாகத் திரிகிறதா என்று பார்த்துப் புரதக் கசிவைக் கண்டறிந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, எல்லாத் தாய்மாருக்கும் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) கொடுத்துக் கைப்பேசியில் பதிவேற்றும் காலத்தில் வெளியே வந்தேன். இந்த இடைக்காலத்தில் நம் மாநிலம் பிரசவ விஷயத்தில் நடந்து கடந்த தூரம் சாதாரணமானதன்று. வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. 2018–20 ஆண்டுகளுக்கான கணக்கில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. அதில் எங்கள் கால் தேய்ந்த நடையும் இருக்கிறது என்ற பெருமையோடுதான் இந்த மடலைத் தொடங்குகிறேன். ஆனால் சொல்ல வந்தது, அந்த வேலையில் நான் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றி.

என் பொறுப்பில் இருந்த கிராமங்களுள் ஒன்றில் 23 வயதுப் பெண் ஒருத்தி தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையில் அவளுக்கு ரத்த அழுத்தம் 150-க்கு 100 இருந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் வந்தது. உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். சுகப்பிரசவம். ஆண் குழந்தை. மூன்றாம் நாள், சில நாளைக்கான மாத்திரையோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பண்ருட்டிப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ஆறாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி என்றிருக்கிறாள். பச்சை உடம்பில் சீதளம் ஏறிவிட்டது என்று அவளுடைய அம்மா நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார். கண் முன்னே பூச்சி பறக்கிறது என்று அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவே வலிப்பு வந்தது. காத்துக் கருப்பு என்று வேப்பிலை தேடப் போனவர்களுக்கிடையில், அண்டை வீட்டுப் பையன் ஒருவன் 108-ஐ அழைத்ததால் அவள் பிழைத்தாள். மக்னீசியம் சல்பேட் ஊசி அவள் உயிரை மீட்டது.

ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். குழந்தையின் தொடையில் ஊசி போட்டேன். "இப்போ தலைவலி எல்லாம் இல்லையேம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க நர்சம்மா" என்றாள். அட்டையில் நலம் என்று எழுதினேன். ரத்த அழுத்தக் கருவி அதே மேசைமேல் இருந்தது. அன்று அடுத்தடுத்துப் பரிசோதிக்கக் கர்ப்பிணிகள் யாரும் இல்லை என்பதால் அதன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டரை மாதத்துக்கும் மூன்றரை மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் அவள் வந்தாள். ஒருமுறைகூட அவள் கையில் நான் பட்டையைச் சுற்றவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 32 வயதில், முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்தாள். பக்கவாதம். வலக்கையும் பேச்சும் போயின. மருத்துவமனையில் சேர்த்தபோது அவளுக்கு ரத்தக்கொதிப்பு எத்தனை ஆண்டாக இருந்தது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது ஒருத்தியின் தலைவிதி என்று விட்டுவிட முடியாதபடி மருத்துவம் இன்று தெளிவாகப் பேசுகிறது. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறினால் அது கர்ப்ப கால ரத்தக்கொதிப்பு. 160-க்கு 110 என்றால் அவசர நிலை. அதோடு சிறுநீரில் புரதம் கசிவது, கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படுவது என்று சேர்ந்தால் அதற்குப் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. இதன் வேர், பிரசவத்தில் குழந்தைக்குப் பின் வெளிவரும் நஞ்சுக்கொடியில் (சுருக்கமாக நஞ்சு என்போம்) இருக்கிறது. கரு பதிந்த ஆரம்ப மாதங்களில், கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகளின் தசைப் பூச்சைக் கரைத்து, அவற்றை அகன்ற வாய்க்காலாக மாற்றிக்கொள்வது நஞ்சின் வேலை. அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் நஞ்சுக்குப் போதிய ரத்தம் கிடைப்பதில்லை. பட்டினி கிடக்கும் நஞ்சு தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலக்கிறது. அவை உடலெங்கும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. சிறுநீரகத்தில் அந்தச் சுவர் கெட்டால் புரதம் ஒழுகுகிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது, கல்லீரலில் நெஞ்சுக்குழி வலியாகிறது, மூளையில் வலிப்பாகிறது. நெஞ்சுக்குழி வலியை 'கேஸ்' என்று ஓம வாட்டர் குடிக்கவைத்த வீடுகள் எத்தனை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நஞ்சு வெளியேறிவிட்டால் நோயும் போய்விடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது பாதி உண்மை. கர்ப்ப காலத்தில் திசுக்களில் தேங்கிய நீர், பிரசவத்துக்குப் பிறகு ரத்தக்குழாய்களுக்குள் திரும்புகிறது. அதனால் ரத்த அழுத்தம் பொதுவாகப் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. சுகப்பிரசவமானவளை மூன்று நாள் வைத்திருந்து அனுப்புவது நம் வழக்கம். ஏறத் தொடங்கும் நேரத்தில் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வருகிறோம் என்பதை இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் உணரலாம். வலிப்பு ஆறு வாரம்வரை வரக்கூடும். மூளையில் ரத்தம் கசியும் அபாயம் முதல் பத்து நாளில் மிகுதி. ஆகவே, கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தவளை வீட்டுக்குப் போன மூன்று நாளுக்குள் ஒருமுறையும், பத்து நாளுக்குள் மறுமுறையும் பார்த்தே ஆக வேண்டும். புதுப் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போக வேண்டிய நாள்கள் என்று 3, 7, 14, 21, 28, 42 ஆகியவற்றைத் தேசியத் திட்டமே வகுத்து வைத்திருக்கிறது. எடைத் தராசும் வெப்பமானியும் போகும் அந்தப் பையில் ரத்த அழுத்தக் கருவியும் போகட்டும்.

இங்கே ஒரு சிக்கல் நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண், பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின்தான் திரும்புகிறாள். கர்ப்பத்தில் அவளைப் பார்த்த செவிலியர் ஒருவர், பச்சை உடம்பில் பார்க்க வேண்டியவர் வேறொருவர். குறிப்பாக, கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெண்கள் பலர் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். ஜிப்மருக்கும் புதுச்சேரி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நம் மாவட்டத் தாய்மார் கடன்பட்டிருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு அரசுகளின் பதிவேடுகளுக்கிடையில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய வெளியேற்றச் சீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டு, அந்த எல்லைக்கோட்டோடு அதன் பயனும் நின்றுவிடுகிறது. ஆட்சியர் அவர்கள் புதுச்சேரி நலவழித் துறையினரோடு பேசி, ரத்தக்கொதிப்பு கண்ட தாய்மாரின் பெயரும் ஊரும் வெளியேறும் அன்றே நம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேரும்படி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். கூடவே, சீட்டின் மேல் ஒரே ஒரு வரி தமிழில்: 'இவருக்குக் கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தது, வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.' அதை வாசிக்க நாலாம் வகுப்புப் படித்த பிள்ளை போதும்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் வருவதை நம் பக்கத்துப் பெண்கள் 'உப்பு' என்பார்கள். "நீரில் உப்பு இருக்காம்" என்று சொன்ன மாத்திரத்தில் மாமியார் சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிடுவார். வாய்க்கு விளங்காத கஞ்சியைக் குடித்துவிட்டு, வைத்தியம் ஆகிவிட்டது என்று அந்தப் பெண் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவாள். நாங்களும் பேச்சு வசதிக்காக அந்தச் சொல்லையே பயன்படுத்தினோம், அது தவறு. கசிவது புரதம். கர்ப்பத்தில் உப்பை ஒடுக்கினால் இந்த நோய் வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனமும் அதற்காக உப்பைக் குறைக்கும்படி சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகான ஆண்டுகளில்தான் உப்பைக் குறைப்பது பயன் தருகிறது. ஆனால் பால் ஊறட்டும் என்று கருவாடு வறுத்துக் கொடுக்கும் வீட்டில் அப்போது அதைச் சொல்ல யாரும் போவதில்லை. அதேபோல், பால் கொடுக்கும்போது மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்கள் மிகுதி. நிஃபெடிபின், லாபெடலால், எனலாப்ரில் போன்றவற்றைப் பால் கொடுக்கும் தாய்க்கு மருத்துவர் நம்பிக்கையோடு தரலாம் என்பதை எழுதியே கொடுங்கள். நீண்ட காலம் பால் கொடுப்பது பிற்காலத்தில் தாயின் ரத்தக்குழாய்களுக்கும் நல்லது என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாட்டிமாரே நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

இனி இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். 42-ஆம் நாளோடு தாய்சேய் நலப் பதிவேட்டில் தாயின் வரி முடிகிறது. அதற்குப் பிறகு அந்த அட்டை குழந்தையுடையது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு ஏறத்தாழ 35 லட்சம் பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ப்ரீ-எக்லாம்ப்சியா கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. மாரடைப்பு போன்ற இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2011-இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான தன் வழிகாட்டுதலில் இதை இதய நோய்க்கான அபாயக் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நஞ்சு விட்டுச்சென்ற காயம் ஆறாமல் இருப்பதாலா, அல்லது ரத்தக்குழாயில் முன்பே இருந்த பலவீனத்தைக் கர்ப்பம் வெளிக்காட்டியதாலா என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் களத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றே: அவளை மறந்துவிடாமல் இருப்பது.

நாம் மறக்கும் இடம் எது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். நாடு தழுவிய தொற்றாநோய்ப் பரிசோதனை 30 வயதைக் கடந்தவர்களைக் குறிவைத்து வகுக்கப்பட்டது. நம் பெண்கள் 21-லும் 24-லும் பிள்ளை பெறுகிறார்கள். வீடுவீடாகப் போய் நிரப்பும் அந்த மதிப்பீட்டுப் படிவம் வயதைக் கேட்கிறது, புகையிலையைக் கேட்கிறது, மதுவைக் கேட்கிறது, இடுப்பை அளக்கச் சொல்கிறது, உடலுழைப்பையும் குடும்பத்தில் நோய் இருந்ததா என்பதையும் கேட்கிறது. வாழ்நாளில் பீடியைத் தொட்டறியாத, காலை முதல் மாலைவரை கரும்புத் தோட்டத்தில் குனிந்து நிமிரும் பெண் அதில் பூஜ்யம் வாங்கித் தேறிவிடுகிறாள். 'பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் இருந்ததா?' என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. மாவட்ட அளவில் அந்த ஒரு கேள்வியைச் சேர்க்க யாருடைய அனுமதி தேவையோ அதைப் பெற்றுத் தாருங்கள். ஆம் என்று சொல்பவளின் பெயர், வயது எதுவானாலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் கையில் இருக்கும் பட்டியலில் ஏறட்டும். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசல்வரை வந்த மருந்து, அவள் பெயர் தாளில் இல்லாததால் அவளைக் கடந்து போகக் கூடாது.

முதல் ஒன்றரை ஆண்டுக்கு அவளைத் தேடிப் போகக்கூட வேண்டியதில்லை. புதன்கிழமைதோறும் அவளே வருகிறாள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி, ஒன்பதாம் மாத ஊசி, ஒன்றரை வயதை ஒட்டிய ஊசி என்று ஐந்து முறை, வெயிலானாலும் மழையானாலும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவித் தவணை ஊசியோடு பிணைந்திருப்பதும் அவளை வரவைக்கிறது. (சில வீடுகளில் பாட்டி தூக்கி வருவார், அடுத்த முறை தாயையும் அழைத்து வரும்படி சொல்லிவிட்டால் போதும்.) அந்த ஐந்து முறையும் தாயின் கையையும் பாருங்கள் என்பதே என் முதன்மையான கோரிக்கை. கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார், தாயும் எதிரே இருக்கிறாள். ஆணை மட்டும் இல்லை. 2023-இல் முடிவு வெளியான, ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஓர் ஆய்வில் 220 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களுள் ஒரு பாதியினர் பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலேயே ரத்த அழுத்தத்தை அளந்து, மருத்துவர் சொல்லும் அளவுக்கு மாத்திரையைக் கூட்டிக் குறைத்தார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்களுடைய ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு (140-க்கு 90 என்பதில் 90) ஒன்பது மாதம் கழித்தும் சராசரியாக ஏறத்தாழ ஆறு புள்ளி குறைவாக இருந்தது. முதல் சில வாரக் கவனம் நெடுநாள் பலன் தரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அளப்பதை ஒழுங்காக அளக்க வேண்டும் என்பதையும் பணிவோடு வலியுறுத்துகிறேன். கூட்ட நேரத்தில், நின்றபடி, அழும் பிள்ளையை மறுகையில் பிடித்துக்கொண்டு, ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் அவள் முதுகைச் சாய்த்து உட்காரட்டும். கால் தரையில் படட்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடிக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை குறைத்துக் காட்டும். ஆகவே இரண்டு அளவுப் பட்டையாவது ஒவ்வொரு துணை நிலையத்திலும் இருக்க வேண்டும். பாதரசக் கருவிகள் விடைபெற்றுவரும் இந்நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தையில் கிடைக்கும் டிஜிட்டல் கருவிகளுள் பல, ப்ரீ-எக்லாம்ப்சியா கண்ட பெண்ணிடம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த கருவிகளை மட்டுமே மாவட்டம் வாங்க வேண்டும். விலை குறைவு என்று வாங்கியது பொய் சொன்னால், அதை நம்பி நலம் என்று எழுதுவது ஒரு செவிலியரின் கை.

அடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ரீ-எக்லாம்ப்சியா கண்டவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அது மறுபடியும் வருகிறது. அவளுடைய பெயர் நம் பட்டியலில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 12-ஆம் வாரத்திலேயே மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடங்கிவைக்க முடியும். 16 வாரம் தாண்டி வந்தால் அதன் பலன் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவைக்கலாம். ரத்தக்கொதிப்புக்காக எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரையில் இருப்பவள் அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். அவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பால் கொடுக்கும்போது ஆகும் மருந்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆகாது என்ற இந்த வேறுபாட்டை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலருக்குக் கற்றுக்கொடுப்பது மிக அவசியம். இளம்பெண்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் நானே இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் கோரிக்கைகளுள் சில உங்கள் கையெழுத்தோடு நாளைக்கே தொடங்கக்கூடியவை. புதுச்சேரியோடு பேசுவதும் படிவத்தில் கேள்வி சேர்ப்பதும் நாளாகலாம். தாமதமாகக்கூடியதற்காக உடனே ஆகக்கூடியது காத்திருக்க வேண்டாம். வரும் மாதம் ஒன்றாம் வாரப் புதன்கிழமை முதல், ஒரு வட்டாரத்திலாவது, ஊசி போடும் மேசையில் தாய்க்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

பணிக்காலம் முழுவதும் நான் எழுதிவந்த சொந்தக் குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு ஓய்வுக்குப் பிறகு வீடுவீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் பாட்டியாகிவிட்டார்கள், சிலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், ஊரில் இருப்பவர்களுள் கைநீட்ட மறுத்தவர் ஒருவரும் இல்லை. அளவு கூடுதலாக இருந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். வலக்கை இழந்த அந்தப் பெண் இப்போது இடக்கையால் தட்டில் சோறு பிசையப் பழகியிருக்கிறாள். மாத்திரை நேரத்தை நாலாம் வகுப்பில் இருக்கும் அவளுடைய மகன் நினைவுபடுத்துகிறான். துறை அனுமதித்தால், ஊசி நாளில் தாய்மாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் வட்டாரத்தில் எந்தத் துணை நிலையத்துக்கும் ஊதியமின்றி வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
குறிஞ்சிப்பாடி வட்டாரம், கடலூர் மாவட்டம்.